கடலுக்கடியில் நூற்று நாற்பத்து நாலு இடங்கள்

குமரிக் கடற்கரை ஊரான இனயத்தில் செசிலிகளுக்குப் பஞ்சமில்லை. கோயில் குசினியில் சமைக்கிற செசிலி, கருவாட்டு செசிலி, நர்ஸ் செசிலி என்று தடுக்கி விழுந்தால் ஒரு செசிலி மேல்தான் விழ வேண்டும். இது நெட்டு செசிலியின் கதை. அந்தப் பேர் அவளுக்கு 2010 வாக்கில் வந்தது. அதுவரை அவள் வெறும் தையல்கார செசிலி.

பேர் மாறியதற்கு ஒரு கணினி காரணம். மஸ்கட்டில் இருந்த அவளுடைய அண்ணன், தங்கை மகள் ஜின்சி படிக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தது. ஜின்சி நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனதும் கணினியைப் பூப்போட்ட துணியால் மூடி, அதன்மேல் மாதா சுரூபத்தையும் வைத்துவிட்டார்கள். செசிலிக்குத்தான் கை அரித்தது. பிளஸ் டூ முடித்துவிட்டுப் பக்கத்து ஊர் கருங்கலில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய கை ஆயிற்றே. ஒருநாள் மாதாவை மெல்லத் தூக்கித் தையல் மிஷின் பக்கம் வைத்துவிட்டு, பிளவுஸ் கழுத்துக்கு மாடல் தேட உட்கார்ந்தாள். தேடப் போன இடத்தில் ‘பேச்சுப்பந்தல்’ என்கிற இணையக் குழுமத்துக்குள் போய் விழுந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அது உலகத்தின் மூலைமுடுக்கில் இருக்கிற தமிழர்கள் கூடிப் பேசுகிற இடம். ஒரு பக்கம் தொழில்நுட்பச் செய்திகள், இன்னொரு பக்கம் அன்றாடச் சந்தேகங்கள். ஆளில்லாமல் ஓடுகிற கார் வரப்போகிறது என்று அங்கே வாசித்த அன்றைக்கு, பாவாடை தைக்கக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு செல்லபாயிடம் அதைச் சொல்லாமல் செசிலிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செல்லபாய் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, “ஏட்டி, அப்போ அது நம்மள இடிச்சா யாரப் பிடிச்சு அடிக்கது?” என்றாள்.

நியாயமான கேள்விதானே. செசிலி அதை அப்படியே பந்தலில் போட்டாள். எட்டுப் பக்கத்துக்குச் சண்டை நடந்தது. என்ஜினியர்களும் வக்கீல்களும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், ஒருவரும் பதில் சொன்னபாடில்லை.

ஆனால் ஊர் அவளை நம்பத் தொடங்கியது வேறொரு காரியத்தால். செல்லபாயின் மகன் விபின் கட்டுமரத்திலிருந்து இறங்கும்போது போனைக் கடலில் போட்டான். எடுத்து வெயிலில் காயவைத்தார்கள், அரிசிக்குள் புதைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. செசிலி பந்தலில் கேட்டாள். உப்பைப் போக்க, பேட்டரியைக் கழற்றிவிட்டு முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள் என்று பதில் வந்தது. நனைந்து செத்த போனை மறுபடி தண்ணீரில் முக்குவதா என்று விபின் தலையிலடித்துக்கொண்டான். கழுவி, காயவைத்து, மூன்றாம் நாள் பேட்டரியைப் போட்டதும் போன் கிணுகிணுவென்று பாடியது. அன்றிலிருந்து அவள் நெட்டு செசிலி.

அவளும் பந்தலுக்குச் சும்மா கடன்பட்டுக் கிடக்கவில்லை. சூரை மீனில் வாடை வராமல் குழம்பு வைப்பது, ஃபிரிட்ஜில் கருவாட்டு நாற்றம் போக்குவது என்று யார் கேட்டாலும் முதல் பதில் ‘இனயம் செசிலி’யுடையதாக இருக்கும்.

நம்பாத ஆள் ஊரில் ஒருவர்தான். அவள் புருஷன் சிலுவை. அவர் ஆழ்கடல் போட்டில் ஸ்ராங்கு, அதாவது போட்டை நடத்திப் போகிறவர். பத்து ஆளோடு கொச்சியிலிருந்து கிளம்பினால் திரும்ப ஒரு மாசம் ஆகும்.

“முகம் தெரியாதவன் பறயததையெல்லாம் கேட்டுட்டுத் துள்ளாத” என்பார்.

சிலுவையின் தொழிலில் முகம் தெரிந்தவனையே நம்ப முடியாது. கடலுக்கடியில் பாறைத்திட்டுகள் இருக்கின்றன. ‘பார்’ என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். எந்த இடத்தில் பார் இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். பெட்டியில் பாயிண்டாகப் போட்டு வைப்பார்கள். அந்தப் பாயிண்ட் மட்டும் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். பார் வந்ததும் சிலுவை பெட்டிமேல் தோர்த்துத் துண்டைப் போட்டு மூடிவிடுவார். கூட நிற்கிற வேலைக்காரனுக்குக்கூட எண் தெரியாது. காகிதத்தில் எழுதுகிற வழக்கமும் கிடையாது, காகிதத்தை எவனும் வாசித்துவிடுவான். பதினோரு வருஷம் அலைந்து பிடித்த நூற்று நாற்பத்து நாலு பாயிண்ட். அவருடைய சொத்து அவ்வளவும் உள்ளங்கையளவு பெட்டிக்குள் இருந்தது.

2011 ஜூலையில் அந்தப் பெட்டி செத்தது.

மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கொச்சியில் கட்டிக் கிடந்தது. சிலுவை பெட்டியைத் தோர்த்தில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடியில் ஒரு எழுத்து இல்லை. கொச்சியில் மூன்று கடையில் காட்டியாயிற்று, ‘திரை போச்சு, இந்த மாடலுக்கு இனி சாமானம் வராது, புதுசு வாங்கு’ என்று ஒரே பதில். புதுசும் வாங்கியாயிற்று. பளபளவென்று, உள்ளே ஒன்றும் இல்லாமல் அது மேசைமேல் இருந்தது. தடை முடிய இன்னும் பதினேழு நாள். பாயிண்ட் இல்லாமல் கடலுக்குப் போனால் பத்துப் பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு தூண்டில் போட வேண்டியதுதான். மனுஷன் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை.

“நான் ஒண்ணு கேட்டுப் பாக்கட்டா?” என்றாள் செசிலி.

சிலுவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் அவளுக்கு.

பந்தலில் முப்பது பதில் வந்தது. பத்து ‘அய்யோ பாவம்’, பத்தொன்பது ‘கடையில் கொடுங்கள்’. ‘காற்றாலைக்காரன்’ என்று பேர் வைத்திருந்த ஒருவன் மட்டும் திருப்பிக் கேட்டான்: ஸ்விட்சை அமுக்கினால் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறதா? வருகிறது என்றாள். அப்படியானால் கண்தான் போயிருக்கிறது, உள்ளே உயிர் இருக்கிறது, பெட்டியோடு ஒரு வயர் தந்திருப்பார்களே, தேடுங்கள் என்றான்.

வயர் பீரோவில், வாரண்டி அட்டையோடு, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையைக் கணினியிலும் சொருகி, அவன் சொன்ன மென்பொருளை இறக்கி, அவன் சொன்ன பொத்தானை அமுக்கினாள். சிலுவை பின்னால் நின்றார். மூச்சுவிடுகிற சத்தம் அவள் பிடரியில் கேட்டது. திரையில் ஒரு வரி வந்தது. அடுத்த வரி. அப்புறம் மடமடவென்று எண்களாக இறங்கிக்கொண்டே இருந்தது. நூற்று நாற்பத்து நாலு.

“எனக்க மாதாவே” என்றார் சிலுவை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கருங்கலில் நாலு மாசம் தட்டச்சு படித்த விரல் இது, இந்த விரலா இதைச் செய்தது என்று செசிலி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. புதுப் பெட்டி அந்தப் பட்டியலை ஏற்கவில்லை. அதற்குத் தகுந்த மாதிரி மாற்றவேண்டும், பட்டியலை அனுப்புங்கள் அக்கா, நான் மாற்றித் தருகிறேன் என்று எழுதினான் காற்றாலைக்காரன். சிலுவையின் முகம் இறுகியது. ஒருநாள் முழுக்க முற்றத்தில் நடந்தார். கடைசியில், “அவன் எந்த ஊரு, என்ன சாதி மீன்காரன்னு கேளு” என்றார்.

மீன்காரனே இல்லை. பேர் பொன்னுலிங்கம், ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன், கடலில் காலை நனைத்ததோடு சரி. முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று செசிலி சத்தியம் கேட்டாள். ‘அய்யா வைகுண்டர்மேல ஆணை, ஒரு எண்ணுகூட எங்கிட்ட தங்காது’ என்று எழுதினான். அவள் அனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் பட்டியல் திரும்பி வந்தது. கூடவே ஒரு படமும், நீளமாக ஒரு கடிதமும். கடிதத்தை அவள் பாதிவரைதான் வாசித்தாள். புதுப் பெட்டியில் ஏற்றுகிற அவசரம். பாயிண்டெல்லாம் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தன. சிலுவை அரை மணி நேரம் பெட்டியை நோண்டி, தெரிந்த பார்களின் பேரைக் கண்டு சிரித்தார். அதன்பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கடற்கரைக்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய காரியம். சுத்தியலை எடுத்துப் பழைய பெட்டியை வாசற்படியில் வைத்து நொறுக்கினார்.

“என்னத்துக்கு இப்பிடி?” என்று பதறினாள் செசிலி.

“செத்த பெட்டி உனக்க கிட்ட பேசும்னா, நாளைக்கி எவனுக்க கிட்டயும் பேசும்லா?”

தூளை அள்ளிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். கணினியிலும் அனுப்பிய மெயிலிலும் இருந்த பட்டியலையும் அவரே பக்கத்தில் நின்று அழிக்கச் சொன்னார். அழித்தாள். படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள், அதில் எண் எதுவும் இல்லை, வெறும் புள்ளிதான்.

“என்ன படம்?” என்றார்.

அப்போதுதான் இரண்டு பேரும் அதைச் சரியாகப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் கடலடித்தரையையும் காட்டத் தொடங்கியிருந்த காலம் அது. தண்ணீரை வழித்து எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அடியில் ஒரு மலை. முகடும் சரிவும் பள்ளத்தாக்குமாக, பேச்சிப்பாறைக்கு மேலே நிற்கிற மலையைப்போல நீண்டு கிடந்தது. அதன் முதுகின்மேல் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். செசிலி பொன்னுலிங்கத்தின் கடிதத்தை உரக்க வாசித்தாள்: ‘அக்கா, நான் தெனமும் எண்பது மீட்டர் உயரத்துல நின்னு மலையப் பாக்கேன். உங்க வீட்டுக்காரரு ஒரு மலையைக் கண்ணால பாக்காமலே வரஞ்சு வச்சிருக்காரு.’

சிலுவை திரையை விரலால் தொட்டார். “இங்கதான் தூண்டி மாட்டி அறுந்துச்சு. அப்போ இது சரிவு. இங்க நூறு பாகம் கயிறு விட்டும் தரை தட்டல, அந்தப் பள்ளம் இதுதான்.” “இத்தன வருசமும் நான் மலைக்க மேலயா ஏட்டி ஓட்டிட்டு இருந்தேன்?” அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். செசிலி அவரைப் பார்த்தாள். இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் இப்படி ஒரு மலையைத் தலைக்குள் சுமந்துகொண்டு திரிந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்றே என்று மலைப்பாக இருந்தது.

அவர் விரல் மலையை விட்டு விலகி, வெறும் மணலாகத் தெரிந்த பக்கம் போய்த் தேடியது.

“இங்க ஒண்ணு உண்டே. அது எங்க?”

செசிலி கடிதத்தின் மிச்சத்தை வாசித்தாள். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. ‘ஒரு பாயிண்ட் மட்டும் பேரில்லாம, மலைக்கு ரொம்பத் தள்ளி மணல்ல கெடந்துச்சு. அங்க மீன் நிக்காதே, தப்பா விழுந்ததா இருக்கும்னு எடுத்துட்டேன். பட்டியல்லயும் படத்துலயும் நூத்தி நாப்பத்தி மூணுதான் இருக்கும்.’

சிலுவை கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

“அது பிரைட்டன்.”

பிரைட்டன் அவருடைய தம்பி. 2003-ல் அண்ணனோடு கடலுக்குப் போய், காற்றில் தவறி விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை. ஊரில் வெறும் சவப்பெட்டியை வைத்துத்தான் பூசை நடந்தது. அவன் விழுந்த இடத்தைச் சிலுவை அன்றைக்கே பாயிண்டாகப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எஞ்சினை அணைத்து, தலைத்துண்டை அவிழ்த்து, ஒரு தம்ளர் கட்டன் சாயா கடலில் ஊற்றிவிட்டுத்தான் போட் நகரும். கரையில் ஒரு பெண்ணுக்கும் இது தெரியாது, செசிலிக்கும் தெரியாது.

அவள் ஓடிப்போய்ப் பொன்னுலிங்கத்துக்கு எழுதினாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. சத்தியம் பண்ணியதால் திரும்ப எடுக்க முடியாதபடி மேலே மேலே வேறு எழுதி அழித்திருக்கிறான். ‘அக்கா, என்ன மன்னிச்சிருங்க, அது ஒரு ஆளுன்னு எனக்குத் தெரியாதே’ என்று இருந்தது. பழைய பெட்டி கடலில். கணினியில் சொட்டு மிச்சமில்லை. செசிலி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொழுந்தனை இரண்டாவது தடவை தானே தொலைத்துவிட்டதுபோல இருந்தது.

“அழாத. அந்தப் புதுப் பெட்டிய இங்க எடு” என்றார் சிலுவை.

எடுத்தாள்.

“நான் பறயேன், நீ அடி. எட்டு வருசமா வாயால பறஞ்சதில்ல.”

கண்ணை மூடிக்கொண்டார். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கும் தடுமாறவில்லை. செசிலி அடித்தாள். புதுப் பெட்டியின் திரையில், மலைக்கு வெகுதூரம் தள்ளி, ஒரு புள்ளி வந்து நின்றது.

“மத்ததெல்லாம் மனசுல இல்லியா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுகூட இல்ல. அதெல்லாம் மீனுக்குள்ளது.”

செசிலி மூக்கை உறிஞ்சினாள்.

“சாயால சீனி போட்டா ஊத்துதிய?”

“போட்ல ஏது அவ்வளவு சீனி. எல்லாரும் குடிக்கததுதான்.”

“அவன் மூணு கரண்டி போட்டாத்தான குடிப்பான்” என்றாள் செசிலி.

தடை முடிந்து கொச்சிக்குப் போகிற வேன் வந்த அன்று காலை, சிலுவையின் பையில் அவள் ஒரு பொட்டலம் தனியாக வைத்தாள். அரைக் கிலோ சீனி. ஈரம் ஏறாமலிருக்க இரண்டு கவரில் போட்டு, வாயை நூலால் இறுகக் கட்டியிருந்தாள்.