எங்கள் நாட்டுச் சட்டம்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அக்கா அச்சகத்தில் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே மிஞ்சும் காகிதத் துண்டுகளில் நாங்கள் இருவரும் ஒரு நாட்டையே உண்டாக்கினோம். அதற்குத் தனிப் பாஷை, எப்போதும் ஜலதோஷம் பிடித்த ராணி, ஒரே ஒரு சட்டம்: பிரிந்து போகிறவர் முதுகைக் காட்டாமல் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும்.

கல்யாணமாகிப் போன அன்று அக்கா விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிவிட்டாள். ஒரு வருஷம் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று, அறுபத்தெட்டு வயதில், மகனோடு வெளிநாட்டுக்குக் கிளம்பினாள். விமான நிலைய வாசலில் என்னைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தாள்.

"அம்மா, விழுந்து வைக்கப் போறீங்க!" என்று மகன் கத்தினான்.

"சும்மா இருடா, இது எங்க நாட்டுச் சட்டம்."

நானும் பஸ் நிறுத்தம்வரை பின்னோக்கியே நடந்தேன். இடிபட்டவர்கள் திட்டினார்கள். வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கென்ன தெரியும்!