முடிச்சில்லாத கயிறும் மூன்று பலாவும்

எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறாத மரங்கள் என்றால் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு சில்வர் ஓக்குகள்தான். அவற்றுக்கு நடுவே ஹாம்மக் என்கிற தொங்குபடுக்கையைக் கட்டி, சேலத்திலிருந்து வருகிறவர்களைப் படுக்கவைத்து, அந்த வருமானத்தில் மலையிலேயே இருந்துவிடுவது என் திட்டம். இன்ஜினியரிங் முடித்தவளுக்கு இதைவிடப் பெரிய யோசனை அப்போது வரவில்லை. அப்பாவிடமும் ஒரு திட்டம் இருந்தது: நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபாரியிடம் கணக்குப் பார்க்கும் வேலை.

"காசு குடுத்துத் தூளியில படுக்க வாராங்களா?" என்று கேட்டார் அப்பா. "சனிக்கெழம வர்ற ஆளுங்கள்ல ஒருத்தரு கீழ உழுந்தாலும், திங்கக்கெழம நீ பஸ் ஏறோணும், அம்மணி."

துணி வாங்கியாயிற்று. தொங்கவிடும் கயிற்றை நானே செய்தேன். அது உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும் பின்னல் கயிறு. முனையை மடித்து, பின்னலை விலக்கி, கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே அதை நுழைத்து இழுத்தால் கண்ணி ஆகிவிடும். பழைய பைக் பிரேக் ஒயர்தான் ஊசி. பாரம் ஏற ஏற வெளிப்பின்னல் உள்ளே போன முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

அப்பா கண்ணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடிச்சு எங்க?"

"முடிச்சு போட்டா அந்த எடத்துல பலம் கொறஞ்சுருங்கப்பா. இது தன்னத்தானே புடிச்சுக்கும்."

"கயிறு தன்னத்தானே புடிச்சுக்குதா! ஏன் கண்ணு, காலேஜுல இதயும் சொல்லிக்குடுத்தாங்களா?"

"படிக்க வெச்சது நீங்கதானுங்களே" என்றார் அம்மா, துவைக்கிற கல்லிலிருந்து.

நானே படுத்துக் காட்டினேன். கயிறு அறுந்திருந்தால்கூடக் கௌரவமாக இருந்திருக்கும். உள்ளே போன முனை மெல்ல உருவிக்கொண்டு வந்து, என்னை மிகுந்த மரியாதையோடு சருகில் இறக்கிவைத்தது. முழங்கை நீளம் நுழைக்கச் சொல்லியிருந்தது நான் பார்த்துக் கற்றுக்கொண்ட வீடியோ. கயிற்றை மிச்சம்பிடிக்க ஒரு சாண் போதும் என்று தீர்மானித்திருந்தேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நாமக்கல் பஸ் நேரத்தை மட்டும் சொன்னார்.

எல்லாக் கண்ணிகளையும் பிரித்தேன். முனையின் இழைகளை ஒன்றுவிட்டு ஒன்று வெட்டி எலிவால்போல் மெலிய வைத்து, இந்த முறை முழங்கை நீளம் நுழைத்து, உருவி உருவிச் சமன்செய்து, வெளியிலிருந்து குறுக்கே நைலான் நூலால் தைத்தேன். இனி பாரமில்லாமல் சும்மா கிடந்தாலும் நழுவாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பலாவோடு வந்தார். "மனுசரத் தொங்கவுடறதுக்கு முன்னால பழத்தத் தொங்கவுடு." நெஞ்சு உயரத்தில் தொங்கிய ஹாம்மக்கில் முதிர்ந்த பலா மூன்று ஏறின. பாரம் இறங்குகிறதா என்று பார்க்க, விரலிடை விட்டு அடியில் ஒரு குச்சியும் நட்டார்.

காலையில் அந்த விரலிடை அப்படியே இருந்தது. சுற்றிலும் காட்டுப்பன்றிக் குளம்புத் தடம்.

"அம்மணி! பன்னி வந்துட்டுச் சும்மா போயிருக்குது!" நான் டிகிரி வாங்கியபோதுகூட அப்பா குரலில் அந்த மரியாதை இல்லை.

"அப்ப பழத்த எறக்கீரலாங்களாப்பா? ஆளுங்க வந்துருவாங்க."

"கீழ வெச்சாப் பன்னிக்குத்தான். அங்கயே பழுக்கட்டும்."

"அவங்க படுக்கறதுக்குக் கட்டுனதுங்கப்பா!"

"பாய் இருக்குதல்ல?"

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களில் ஒருவர் ஹாம்மக்கையும் பலாவையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், இதுல நாங்க படுக்கலாம்னு போட்டிருந்தீங்களே?"

அப்பா முந்திக்கொண்டார். "பழுத்ததும் எறக்கிருவோங்க. ரெண்டு மூணு நாளு தங்குங்களே!"

அவர்கள் பலாவோடு படம் எடுத்துக்கொண்டு, பாயில் படுத்துத் தூங்கினார்கள். ஒருவரும் கீழே விழவில்லை. பாயிலிருந்து விழ வழியும் இல்லை.

திங்கட்கிழமை நாமக்கல் பஸ் நான் ஏறாமலே போனது. பிரேக் ஒயரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். இன்னொரு ஜோடிக் கயிறு வேண்டுமென்று அப்பா கேட்டிருந்தார், மேற்கே நிற்கும் மரத்துப் பலாவுக்கு.