ஒரே இடத்துக்கு விண்ணப்பித்தவன்

இத்தனை ஆண்டுகள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

பேராசிரியர் குணாளன் இறந்துவிட்டார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பழைய வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் கிள்ளானிலிருந்து வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள். ரயில் சுபாங்கைத் தாண்டுவதற்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் இறங்குவதற்குள் ஒருவன் அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டான். "குணா சொல்ற அந்த ஒரே இடத்து நண்பன் கதை ஞாபகம் இருக்கா?" என்று எழுதி, அழும் முகத்துக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தான்.

அவரிடம் ஆலோசனை கேட்டுப் படிக்கப் போன உங்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில், மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து, பேராசிரியர்களுக்கு எப்படி எழுதுவது, எத்தனை பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது என்று சொல்லிக்கொடுக்கும்போது தவறாமல் சொல்வார். ஒரு பேராசிரியர் 'வா' என்று எழுதியதை நம்பி, ஒரே ஓர் இடத்துக்கு விண்ணப்பித்து, அதுவும் கிடைக்காமல் ஊரிலேயே தங்கிப்போன ஒரு கெட்டிக்கார முட்டாளின் கதை. அதை அவருக்காகக் கொண்டுவரும் நினைவு மலரின் முதல் பக்கத்தில் அச்சிட்டு, இனி ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கொடுக்கப்போவதாக ஏற்பாட்டுக் குழு அறிவித்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கதையில் பாதியைக் காணவில்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் அந்த முட்டாள் நான்தான்.

இனி குணாளனை 'அவன்' என்றே எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவன் பேராசிரியராக ஒரு நாளும் இருந்ததில்லை.

பட்டப்படிப்பு முடிந்த ஆண்டில் நாங்கள் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்துக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தோம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே கட்டில் நடுங்கும். "இது படுக்கை இல்லடா, பஸ்ஸு. டிக்கெட் எடுத்தியா?" என்பான் குணா. அறைக்கு வருகிறவர்கள் சிரிக்காமல் போனதில்லை. யார் எதை ஆங்கிலத்தில் எழுதினாலும் அவனிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அவன் நகரத்துப் பையன், ஆங்கிலம் சரளம். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். என் ஆங்கிலம் புத்தகத்தில் படித்தது.

நான் அப்போது கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். ஆலையின் கழிவுநீர்க் குளங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தெளிந்துகொண்டிருந்தது. அங்கே யாருக்கும் அது ஒரு கேள்வியாகத் தெரியவில்லை. எனக்கு வேறு எதுவுமே கேள்வியாகத் தெரியவில்லை. நூலகத்தில் தேடித் தேடி, ஏறக்குறைய இதே விஷயத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பேராசிரியரை ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தேன். அவருடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால், சைபர் கபேயில் என் தோளுக்கு மேலாகக் குனிந்து குணா அதைப் படித்தான்.

"டேய், உன் பேர் எங்கடா?"

"கடைசியில இருக்கு."

"முதல்ல நீ யாருன்னு சொல்ல வேணாமா? மார்க்கு, வகுப்பு, ஒண்ணுமே காணோம். எடுத்த உடனே அந்தாளு கட்டுரையில சந்தேகம் கேக்கிற?"

"நான் யாரா இருந்தா அவருக்கு என்ன? அவர் செஞ்ச வேலையை நான் படிச்சேனா இல்லையான்னுதான் அவர் பாப்பார்."

அவன் முதல் வரியை இன்னொரு முறை படித்தான். பிறகு என் தலையில் தட்டி, "பேய் மாதிரி யோசிக்கிறடா. ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே, அனுப்பு" என்றான்.

'முதல் வரியில் நீ வராதே, அவருடைய வேலை வரட்டும்' என்று இந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் குணாளனின் பொன்மொழியாக எழுதிவிட்டீர்கள் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். சொல்லும் விதம் அவனுடையது. சொன்ன விஷயம் என்னுடையது.

பேராசிரியர் பதில் எழுதினார். என் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. உதவித்தொகையோடு ஒரு மாணவரை எடுக்க முடியும், முறைப்படி விண்ணப்பியுங்கள், உங்கள் விண்ணப்பத்தை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்றார். அன்றைக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நான் குணாவுக்கு ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்தேன்.

"மொத்தம் எத்தனை இடத்துக்குப் போடப் போற?" என்று கேட்டான்.

"ஆறு நினைச்சிருக்கேன்."

"ஆறா? என்னடா, நாலு நம்பர் லாட்டரி எழுதுற மாதிரி பேசுற? விழுந்தா விழட்டும்னு?"

"கிடைக்கலைன்னா?"

"கூப்பிட்டு வான்னு சொல்லியிருக்காரு லா! இந்தத் துறையில அவங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். ஆறு இடத்துல உன் பேரைப் பாத்தா, இவன் எல்லா வாசல்லயும் போய் நிக்கிறவன்னு நினைக்க மாட்டாங்களா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கு மச்சான். ஒண்ணு போதும்."

நான் நம்பினேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பல்கலைக்கழகப் படியே ஏறியதில்லை. அப்படிப்பட்ட மனிதர்களுக்குள் எது மரியாதை, எது மரியாதைக் குறைவு என்று எனக்கு யார் சொல்வார்கள்? தெரிந்த ஒருவன் சொன்னான், கேட்டுக்கொண்டேன். மற்ற ஐந்து இடங்களின் கடைசி நாளும் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதை நிம்மதியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இடமில்லை என்று தகவல் வந்த அதே வாரக் கடைசியில் குணா கிள்ளானுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். லிட்டில் இந்தியாவில் வாங்கிய இனிப்புப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டான்.

"மச்சான், எனக்குக் கிடைச்சிருக்கு."

"எங்கே?"

அவன் ஊரைச் சொன்னான். பிறகு நான் எழுதிய அதே பேராசிரியரின் பெயரையும் சொன்னான்.

"நீ கையுறை ரப்பர் ஆராய்ச்சிதானே பண்ணிட்டு இருந்த?"

"கடைசி நேரத்துல சும்மா போட்டுப் பாத்தேன்டா."

"என்ன எழுதின?"

"குளத்தைப் பத்தித்தான். ஏன், அது என்ன உங்க அப்பா வெட்டின குளமா?" என்று சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"மொத்தம் எத்தனை இடத்துக்குப் போட்ட?"

"எட்டு" என்றான்.

அம்மா இனிப்பைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, "உன் கூட்டாளி போறானே, நீ எப்பய்யா போற?" என்று கேட்டார். அடுத்த ஆண்டு என்றேன். அந்த அடுத்த ஆண்டு வரவேயில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், தற்காலிக வேலை நிரந்தரமாயிற்று. வேலை பார்த்துக்கொண்டே இங்கேயே முதுகலை முடித்தேன். இன்றைக்கும் மற்றவர்களின் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. அந்தக் குளம் ஏன் சீக்கிரம் தெளிந்தது என்பதற்கான பதிலில் குணாவின் பெயர் இருக்கிறது.

அவன் பேராசிரியராகத் திரும்பி வந்து, மண்டபத்தில் பேசத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, என் மகள் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தபோது, "எல்லாரும் போறாங்கப்பா, நாமும் போவோம்" என்று என்னை அழைத்துக்கொண்டு போனாள். பின்வரிசையில் உட்கார்ந்தோம். அவன் ஒலிவாங்கியை எடுத்தான்.

"என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான். கிள்ளான்காரன். என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரே ஓர் இடத்துக்குப் போட்டான். ஏன்டான்னு கேட்டா, புரொபசர் வான்னு சொல்லிட்டாருங்கிறான். பொண்ணு பாக்கப் போன வீட்டுல காபி குடுத்தா கல்யாணம் ஆயிடுச்சா?"

மண்டபம் அதிரச் சிரித்தது. என் மகளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "பாவம்ப்பா அந்த அங்கிள்" என்றாள்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது குணா எங்களைப் பார்த்துவிட்டான். ஒரு கணம் முகம் வெளுத்தது. அடுத்த கணம் கையை விரித்துக்கொண்டு வந்து, "நம்ம பிள்ளையா? வாம்மா, உனக்கு நான் இருக்கேன்" என்றான். பொய் சொல்லவில்லை. அவளுடைய ஒவ்வொரு மின்னஞ்சலையும் உட்கார்ந்து படித்தான். எட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்க வைத்தான். இரண்டு இடங்களில் கிடைத்தது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவள் என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டாள். அன்றைக்குக் காரில் திரும்பும்போது, "அந்த ஒரே இடத்து அங்கிள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். தெரியாது என்றேன்.

அவள் விமானம் ஏறிய பிறகு குணா என்னைப் பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்தான். அன்று ஒரே ஒருமுறை கேட்டேன்.

"அந்தக் கதையை நிறுத்துடா."

"உன் பேரைச் சொல்லலையே மச்சான்."

"ஒண்ணு போதும்னு யார் சொன்னாங்கன்னும் சொல்லலையே?"

ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அதைச் சொன்னா இந்தப் பசங்க என் பேச்சை எப்படிடா நம்புவாங்க? நான் சொல்றதைக் கேட்டு எத்தனை பேர் போயிருக்காங்க பாரு. உன் பொண்ணு போகலையா?"

நான் இலையை மடித்தேன். அவன்தான் மறுபடி பேசினான். "சொல்றேன். ஓய்வு பெறும்போது மேடையிலயே சொல்றேன். உன்னைப் பக்கத்துல நிக்க வெச்சுச் சொல்றேன்."

ஓய்வு பெறும் வரை அவன் இருக்கவில்லை. அந்தப் பாதிக் கதையை அப்படியே என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். முதல் துரோகத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நேற்று மகள் தொலைபேசியில் அழுதாள். "நீங்க மலருக்கு எழுதியே ஆகணும்பா. உங்களுக்குத்தானே அங்கிளை முதல்ல இருந்தே தெரியும்? அந்தக் கதையைக் கண்டிப்பா சேத்துருங்க" என்றாள்.

அவன் இனிப்போடு வந்த அன்றே சண்டை போட்டு உறவை முறித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முறித்துத்தான் இருந்தேன். அவன் ஸ்காட்லாந்து போவதற்குச் சில நாள் முன்பு, பக்கவாதம் வந்து சில வாரங்களிலேயே அப்பா இறந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை. யாரோ சொல்லி வந்தான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தான். மின்சுடலைக்குக் கொண்டுபோகும் வண்டி நின்ற முச்சந்தி வரை உச்சிவெயிலில் தார்ச்சாலை கொதித்தது. வழியில் ஆள் மாற்றக் கேட்டார்கள், அவன் மாறவில்லை. அதற்குப் பிறகு என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அவனுடைய பொன்மொழிகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு என் அப்பாவைச் சுமந்து நடந்தவனை நான் வைத்துக்கொள்கிறேன். குளத்தைத் திருடியவனும் அவன்தான். இரண்டு பேரையும் ஒன்றாக்க எனக்கு இதுவரை தெரியவில்லை.

மலர்க் குழுவினருக்கு ஒன்று சொல்கிறேன். கதையைத் தாராளமாக அச்சிடுங்கள். பிள்ளைகள் ஒரே இடத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் அந்த நண்பனிடம் 'ஒன்று போதும்' என்று சொன்னது யார் என்பதையும், சொன்னவர் தாம் எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தார் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

குணாவுக்காக இணையத்தில் திறந்திருக்கும் இந்த நினைவுப் பக்கத்தில் பெயரை மறைத்துப் பதிவிட வழி இருக்கிறது. பெயரைப் போட்டால் நாளைக்கே ஆறுதல் சொல்ல ஆட்கள் வருவார்கள். மண்டபத்தில் கேட்ட சிரிப்பைவிட அது எனக்குக் கடினம். எங்கள் வகுப்பில் சிலருக்கு நான் யார் என்று முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். அவர்கள் அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசமாட்டார்கள். என் மகளும் இதைப் படிப்பாள். படித்து முடிக்கும்போது, காரில் அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அவளுக்குக் கிடைத்திருக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.