பெட்டி குலுக்கிய பேச்சாளன்

வாசகரே, நீங்களே சாட்சி: பட்டிமன்றத்தில் எதிரணியின் சிறு தடுமாற்றத்தையும் பிடித்துவிடும் காது என்னுடையது. நான் வேலை செய்யும் ஓசூர் ஒலிபெருக்கித் தொழிற்சாலையில், அனுப்பும் பெட்டியை ஒட்டும்முன் குலுக்குவோம். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் தெர்மாகோல் வைக்க வேண்டும். நானோ ஒருநாள் கவனத்தின் மேன்மையை முழங்கிக்கொண்டே குலுக்கி, ஒட்டினேன். என்னை நம்பிச் சோதனைச் சீட்டில் பக்கத்து மேசை அக்கா கையெழுத்திட்டார். பெங்களூருக்குப் போன ஒலிபெருக்கி, ஒலியெழுப்பும் காகிதக் கூம்பு கிழிந்து திரும்பியது. அக்காவுக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது.

"பெட்டி பேசுனது கேக்காத அளவுக்கா நீ பேசிக்கிட்டிருந்த, சாமி?" என்றார் அக்கா.

மேலாளர்முன் என் வாழ்நாளின் மிகச் சிறிய உரையை ஆற்றினேன்: "தவறு என்னுடையது." அக்காவின் வேலை தப்பியது. பிறகு எங்கள் பிரிவு முழுவதும் கேட்க உரக்கச் சொன்னேன்: "இனிப் பெட்டியைக் குலுக்கும்போது வாய் திறக்கமாட்டேன்."