ஏழு முறை முன்னே

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், இரண்டு இழுவைப் பெட்டிகள் பூட்டிய டிராக்டரை முதல் முறையாகக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் பின்னோக்கி எடுத்தேன். ஒற்றைப் பெட்டிப் பழக்கத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப, கடைசிப் பெட்டி பாதையோரச் சரிவுப் பக்கம் ஒதுங்கியது. முன்னே எடுத்து நேராக்கியிருக்கலாம். கொழுந்து நிறுக்க நின்றவர்கள் சிரிப்பார்களே என்று இன்னும் பின்னுக்கே தள்ளினேன்.

"நிப்பாட்டுங்க தம்பி!" சாக்குடன் நின்ற ராணி அக்கா கத்தினார். "கீழ நம்ம பொம்பளைங்க கொழுந்தெடுக்கிறாங்க!"

பிரேக்கை மிதித்தேன். சக்கரத்துக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம்.

"முன்னால போயி நேராக்கிட்டு வாங்க. மடுவம் எங்கயும் ஓடிப்போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஏழு முறை முன்னே போனேன். எட்டாவது முறை பின்னே எடுத்தபோது பெட்டிகள் மடுவத்துக்குள் வந்தன. அதையும் குறித்துவைத்தேன். 'கீழே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்று அடுத்த வரியை எழுதிய பிறகுதான் நாட்குறிப்பை மூடினேன்.