பயமில்லாத அறிவித்தல்

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் அறிவித்தல்கள் இப்போது கைபேசியில் என் குரலில் வருகின்றன. ஆனால் வாசிப்பது நானில்லை. சங்கத்தில் எழுதிக் கொடுப்பதை ஒரு கணினி என் குரலில் சொல்லும். அதற்காக மன்னாரில் ஓர் அறையில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நாலு நாள் வாசித்தேன். வெளியே கழுதை கத்தினால் அந்த வசனத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். குரலை மட்டுமல்ல, நான் எங்கே மூச்சு விடுகிறேன், எந்தச் சொல்லில் ஏறுகிறேன், எங்கே இறங்குகிறேன் என்பதையும் கணினி படித்துக்கொள்ளுமாம். பதிவு செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெண் அப்படித்தான் சொன்னார்.

காற்று, கடல் கொந்தளிப்பு என்று வந்த வசனங்களில் என் குரல் இறுகியது. தம்பி கடலுக்குப் போகிறவன், வேறெப்படி வரும்? அந்தப் பெண், ‘நல்லாயிருக்கு, இருக்கட்டும்’ என்றார். எனக்கோ கெட்ட பெருமை. கோயில் திருநாளில் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்பவள் நடுங்குகிறாள் என்று ஊர் சிரிக்காதா? அவற்றை அழிக்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பதுபோல ஒரே சீராக வாசித்து முடித்தேன்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், தலைமன்னாரில் வீட்டில் இருந்தபோது கைபேசியில் அறிவித்தல் வந்தது. பின்னேரம் பலத்த காற்று வீசும், கடலுக்குப் போகவேண்டாம் என்று நானே எனக்குச் சொன்னேன். கேட்கத் தேனாய் இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு தம்பிக்கு அழைப்பு எடுத்தேன். அவன் மனைவிதான் பேசினாள். அறிவித்தலைக் கேட்டுவிட்டு, கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார் என்றாள்.

கரைக்கு ஓடினேன். மூன்று மணிக்கு மணல் எழும்பத் தொடங்கியது. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன, அவனுடையது வரவில்லை. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஒரு செபமும் வாயில் வரவில்லை. கடலுக்குப் போகவேண்டாம் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். ‘கடலுக்கு’ என்றதும் மூச்சு நின்றது. ‘போகவேண்டாம்’ கத்தலாய் வந்தது. நான் முதலில் வாசித்ததும் இப்படித்தான். என் வாயிலேயே அடிக்க வேண்டும்போல இருந்தது.

பொழுது சாயும் நேரம் வந்து சேர்ந்தான். வலை போய்விட்டது, உதடு வெடித்திருந்தது. அறிவித்தல் கேட்டும் ஏன் போனாய் என்று சத்தம் போட்டேன். அவன் கோபப்படவில்லை.

“கேட்டனான் அக்கா. உன்ர குரல்தானே. நீ பயந்தா எனக்குத் தெரியும். நீ பயப்பிடேல்லை, அதுதான் போனனான்.”

அது நானில்லை, மெசின் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பயத்தை அழிக்கச் சொன்னது நான்தானே.

மறுநாள் காலை, பதிவு செய்த பெண்ணுக்கு அழைப்பு எடுத்து, காற்று வசனங்களை மட்டும் திரும்ப வாசிக்க வருகிறேன் என்றேன். இந்த முறை எப்படி வாசிப்பீர்கள் என்று கேட்டார்.

“தம்பி கடலில நிக்கிறான் எண்டு நினைச்சு” என்றேன்.