பிளாஸ்டிக் இலைப் பாவாடை

ஆந்திர எல்லையில், நாகலாபுரத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் இருளர் காலனியில் அரசாங்கம் சமுதாயக் கூடம் கட்டியது. எங்கள் பாட்டு, மூலிகை, எங்கள் சாமி கன்னியம்மாவின் கும்பிடு எல்லாவற்றையும் அங்கே காத்து, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லப் போவதாகப் பேச்சு. திறப்பு விழாவுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன்.

விழா நடத்துகிறவர் திருப்பதியிலிருந்து வேனில் வந்து இறங்கினார். கூடவே ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் பச்சை பிளாஸ்டிக் இலை தைத்த பாவாடைகள், கோழி இறகு செருகிய தலைப்பட்டைகள். மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு விடுகிற சரக்கு.

"ஆடுறவங்க இத கட்டிக்கோங்க, சீக்கிரம்."

சின்னம்மா அன்றைக்கென்று துவைத்து வைத்த சிவப்புச் சேலையில் நின்றிருந்தாள். கன்னியம்மா பாட்டு முழுதாகத் தெரிந்தவள் அவள்தான். ஒரு பாவாடையை விரல்நுனியால் தூக்கினாள்.

"இன்னாத்துக்குய்யா இது?"

"அடவி ஜனம் மாதிரி தெரியணும் கதா அம்மா? வீடியோ எடுக்குறாங்க," என்றார் தெலுங்கு கலந்த தமிழில்.

'நீங்க' என்ற சொல் என் வாயில் வரவில்லை. "நாங்க சீலை கட்டிக்கினுதான் சாமி கும்புடுறோம். யாரைக் கேட்டு இத எடுத்துக்கினு வந்தே?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா."

ஜாதிச் சான்றிதழுக்கு நடந்தபோது தாலுகா ஆபீசில் என் சுடிதாரைப் பார்த்து, "நீ இருளர்னு இன்னா ருஜுவு?" என்று அத்தாட்சி கேட்டிருந்தார்கள். எங்கள் முகம் போதாது. இவர்கள் மனதில் இருக்கிற காட்டு மனிதன்தான் வேண்டும்.

சின்னம்மா பாவாடையைப் பெட்டிக்குள் எறிந்தாள். "ஆட மாட்டோம். போ."

விழா நிற்கவில்லை. வரவேற்பு நடனத்துக்கென்று அதே வேனில் கூட்டி வந்த காலேஜ் பெண்கள் அந்த இலைகளைக் கட்டிக்கொண்டு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நாங்கள் எங்கள் கூடத்துக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனால், அந்தப் பெண்களின் படம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. கீழே 'இருளர் நடனம்' என்று தெலுங்கில் எழுத்து. நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினேன். சின்னம்மாவும் நாலு பெண்களும் அங்கேயே தரையில் உட்கார்ந்து கன்னியம்மா பாட்டைப் பாட, செல்போனில் பதிவு செய்தேன். நடுவில் எனக்கே அழுகை வந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மறுநாள் விழா நடத்தியவர் போன் செய்தார். "போட்டோ ஏமைந்தி? என்னாச்சு?"

"கழட்டிட்டேன். அது நாங்க இல்ல."

"ஆபீஸ்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"எங்கள வந்து கேக்கச் சொல்லு," என்று வைத்தேன். இன்றுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை.